மெலட்டோனின் கம்மி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நியூஜெர்சியில் இருக்கிறோம். கோடை விடுமுறைக்குச் சென்னை போய்த் திரும்பினால், ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் ராத்திரி எது, பகல் எது என்று தெரியாது. ஒன்பதரை மணி நேர வித்தியாசம். என் ஏழு வயது மகள் நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி கேட்பாள். பள்ளி திறக்க நான்கு நாள்தான் இருந்தது. தோழி ஒருத்தி, "நாங்க மெலட்டோனின் கம்மி கொடுத்துத்தான் சரி பண்ணுவோம்" என்றாள். மெலட்டோனின் என்பது தூக்கத்துக்காக உடம்பே சுரக்கும் ஹார்மோன்; அதைச் சேர்த்து மிட்டாய் மாதிரி மெல்லும்படி செய்ததுதான் கம்மி (gummy). ஆன்லைனில் வாங்கினேன்.

ஸ்ட்ராபெரி வாசனை, கரடிக்குட்டி வடிவம், ஒன்றில் 1 மில்லிகிராம். பாட்டிலில் 'எஃப்.டி.ஏ.வில் பதிவு பெற்ற தொழிற்சாலையில் தயாரானது' என்றும், 'தனி ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது' என்றும் போட்டிருந்தது. எஃப்.டி.ஏ. என்றால் உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு. அரசாங்கம் பார்த்துத்தானே விற்க விட்டிருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

எட்டு மணிக்கு ஒன்று கொடுத்தேன், தூங்கிவிட்டாள். காலையில் எழுப்பினால் எழவில்லை. தூக்கி உட்கார வைத்தால் தோளில் சரிகிறாள். கொஞ்சம் பால் குடித்தாள், அதையும் வாந்தி எடுத்தாள். "தலை வலிக்குதும்மா, விடும்மா" என்று முனகினாள். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. உடனே, விஷமோ மருந்தோ உள்ளே போய்விட்டால் ஆலோசனை சொல்லும் பாய்சன் கண்ட்ரோல் உதவி மையத்தைக் கூப்பிட்டேன். 1-800-222-1222, எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார்: எடை எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், மூச்சு சீராக இருக்கிறதா? 1 மில்லிகிராம்தான் என்றேன். பாட்டிலில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம் என்றார். மத்தியானத்துக்குள் மகள் தெளிந்துவிட்டாள். பயணக் களைப்பும் சேர்ந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அப்புறம் அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். தனி ஆய்வகத்தில் சோதித்ததாகப் போட்டிருக்கிறீர்களே, என் பாட்டில் எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் லாட் எண்ணுக்கு உரிய அறிக்கையைக் கொடுங்கள் என்றேன். மூன்று முறை கேட்ட பிறகு, அது நிறுவனத்தின் ரகசியம் என்று பதில் வந்தது. திறந்த பாட்டிலுக்குப் பணமும் திரும்பக் கிடையாதாம். பணம் போகட்டும். குழந்தை வாயில் போட்டதில் என்ன இருந்தது என்று கேட்கும் தாய்க்குச் சொல்ல முடியாத ரகசியம் என்ன ரகசியம்?

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மெலட்டோனின் மருந்துக் கணக்கில் வராது. 1994-இல் வந்த சட்டப்படி இது உணவுத் துணைப்பொருள். கடைக்கு வருமுன் எஃப்.டி.ஏ. சோதித்து அனுமதி தருவதில்லை. பாதுகாப்புக்கும் லேபிளில் எழுதுவதற்கும் தயாரிப்பவரே பொறுப்பு. விற்பனைக்கு வந்த பிறகு பிரச்சினை தெரிந்தால்தான் எஃப்.டி.ஏ. தலையிடும். தொழிற்சாலைப் பதிவு என்பதும் எல்லாரும் கட்டாயம் செய்யவேண்டியதுதான், அங்கீகாரம் இல்லை. நான் ஏமாந்தது 'பதிவு' என்ற அந்த ஒரு சொல்லில்தான். பிரிட்டனிலோ மெலட்டோனினுக்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

2023-இல் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 25 மெலட்டோனின் கம்மிகளைச் சோதித்ததில் 22-இல் லேபிளில் இருந்த அளவு தவறு. போட்டிருந்ததில் 74 சதவீதம் இருந்ததும் உண்டு, 347 சதவீதம் இருந்ததும் உண்டு. ஒன்றில் மெலட்டோனினே இல்லை, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி மட்டும் இருந்தது. குழந்தைகள் மெலட்டோனினை விழுங்கியதாகப் பாய்சன் கண்ட்ரோலுக்கு வந்த அழைப்புகள் 2012-இல் 8,337, 2021-இல் 52,563. கரடிக்குட்டி மாதிரி செய்து மிட்டாய் ருசியில் விற்றால் பிள்ளைகள் எடுத்துத் தின்னாமல் என்ன செய்யும்?

தோழிகளே, பிள்ளைக்குக் கொடுக்குமுன் குழந்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் 'யு.எஸ்.பி. வெரிஃபைட்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் அளவை வெளியார் சோதித்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். பாட்டிலை உயரத்தில், பூட்டி வையுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எஃப்.டி.ஏ.வின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் புகார் பதியலாம். லாட் எண், வாங்கிய ரசீது, கொடுத்த நேரம், பிள்ளைக்கு என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் எழுதி நான் அனுப்பிவிட்டேன். மீதிக் கம்மிகளோடு அந்தப் பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் பூட்டி இருக்கிறது.