லீவில நடந்த கிரேக்கக் கணித வகுப்பு, அனுப்பலாமோ?

கொக்குவில் பக்கம் ஒரு டியூட்டரியில ஏப்ரல் லீவுக்கு கிரேக்கக் கணிதம் எண்டு ஒரு வகுப்பு வச்சவை, மகளை விட்டனான், பெற்றாரும் பின்வாங்கில இருக்கலாம் எண்டபடியா நானும் இருந்து பாத்தன். தரம் 9, 10 பிள்ளையள் வச்சிருக்கிற ஆக்கள் கட்டாயம் அனுப்புங்கோ.

எங்கட பிள்ளையள் பை (வட்டத்தின்ர சுற்றளவை விட்டத்தால பிரிச்சா வாறது) எண்டா 22/7 எண்டு பாடமாக்கி வச்சிருக்குதுகள், அது எங்கால வந்தது எண்டு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறேல்ல. இங்க சேர் கவராயத்தைக் குடுத்து வட்டத்துக்குள்ள அறுகோணி கீற வச்சவர், அதின்ர சுற்றளவை விட்டத்தால பிரிச்சா 3, பக்கத்தை 12 ஆக்கினா 3.1, 24 ஆக்கினா 3.13. ஆக்கிமிடீஸ் இதையே 96 பக்கம் மட்டும் கொண்டுபோய், வெளியால கீறின பல்கோணியையும் வச்சு, பை 3 10/71க்கும் 3 1/7க்கும் இடையில எண்டு நிறுவினவர். அந்த 3 1/7 தான் எங்கட 22/7. "அப்ப 22/7 கொஞ்சம் கூடவோ சேர்?" எண்டு ஒரு பெடியன் கேட்டான், அந்தக் கேள்விக்கே கட்டின காசு சரி.

எல்லாத்திலும் திறம், பூமியின்ர சுற்றளவை அளந்த கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தெனிஸின்ர பாடம். கிமு 3ஆம் நூற்றாண்டில, எகிப்தில சையீன் எண்ட ஊரில சூரியன் உச்சியில நிக்கிற நேரம் அலெக்சாந்திரியாவில விழுற நிழலின்ர கோணம் முழு வட்டத்தில 50இல ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை, ரெண்டு ஊருக்கும் இடையில 5000 ஸ்டேடியா (அந்தக் காலத்துத் தூர அளவு), அப்ப பூமியின்ர சுற்றளவு அதின்ர 50 மடங்கு, 250,000 ஸ்டேடியா எண்டு கணக்குப் போட்டவர். சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி யாழ்ப்பாணத்துக்கும் சூரியன் நேர உச்சிக்கு வரும்தானே, மத்தியானம் 12.10 போல முத்தத்தில நட்ட தடிக்கு நிழலே இல்லை! அதே நேரம் சேரின்ர சிநேகிதர் மாத்தறையில ஒரு மீட்டர் தடி வச்சு அளந்து போனில சொன்னவர், தெற்குப் பக்கமா 6.5 சென்ரிமீட்டர், அது 3.7 பாகை, வடக்குத் தெற்குத் தூரம் 410 கிலோமீட்டர் அளவு, 360ஐ 3.7ஆல பிரிச்சு அதை 410ஆல பிள்ளையளே பெருக்கிப் பாக்க 40 ஆயிரம் கிலோமீட்டருக்குக் கிட்ட வந்திட்டுது.

பைதகரஸுக்கு ஆயிரம் வருசத்துக்கு மேல முந்தியே பாபிலோன் ஆக்களுக்கு அந்தச் செங்கோண முக்கோணிக் கணக்கு தெரியும் எண்டதையும் சேர் மறைக்கேல்ல, கிரேக்கர் குடுத்தது நிறுவல் எண்டு விளங்கப்படுத்தினவர். முதன்மை எண்கள் முடியவே முடியாது எண்ட யூக்ளிட்டின்ர நிறுவலை மகள் வீட்டை வந்து தாய்க்குச் செய்து காட்டினவள்.

குறை எண்டா, வானியலை அரை மணித்தியாலத்தில ஓட்டி முடிச்சிட்டினம். பூமிதான் சூரியனைச் சுத்துது எண்டு அந்தக் காலமே சொன்ன அரிஸ்தார்க்கசுக்கு ஒரு முழு வகுப்பு வேணும். நோட்ஸ் முழுக்க இங்கிலீசில, தமிழ் மீடியப் பிள்ளையள் என்ன செய்யிறது? ஆகஸ்ட் கடைசியிலயும் சூரியன் எங்கட உச்சிக்கு வருது, அப்ப திருப்பி வைக்கேக்க தமிழில நோட்ஸ் அடிச்சுக் குடுங்கோ, சின்னவனையும் அனுப்புறன்.