அரைக் கிலோ தகட்டுக்கு ஆவாரம்பாளையம் போனேன்

"5 கிலோல என்னங்கண்ணா இருக்கு"ன்னு அந்த ஜிம் ட்ரெய்னர் பையன் கேட்டது இன்னும் காதுலயே இருக்கு. 5 வாரம் கோயமுத்தூர்ல இருந்தோம். தங்கச்சி பொண்ணு கல்யாணம், பத்திர ஆபீஸ், பேங்க் கேஒய்சி எல்லாமே நல்லபடியா முடிஞ்சுது, அதுல எழுத ஒண்ணுமில்ல. தோள்பட்டை விஷயத்த மட்டும் எழுதிடறேன், என்ன மாதிரி ஆபரேசன் பண்ணிட்டு லீவுல ஊருக்கு வர்றவங்க நிறைய பேர் இருப்பீங்க.

எனக்கு 47 வயசு. கனடால, மிசிசாகால வீட்டு வாசல்ல பனி தள்ளிட்டு இருந்தப்ப, கண்ணுக்கே தெரியாம உறைஞ்சு கிடக்குமே அந்த ஐஸ்ல வழுக்கி, வலது கைய ஊனி விழுந்தேன். தோள் மூட்டச் சுத்திப் பிடிச்சிருக்கற ரொட்டேட்டர் கஃப்ல மேல இருக்கற தசைநார் எலும்ப விட்டுக் கிழிஞ்சிருந்துச்சு. அது எம்.ஆர்.ஐ.ல தெரியறதுக்கே 3 மாசம் வரிசைல நிக்கணும் அங்க. அப்பறம் ஆபரேசன், எலும்புல ஆணி மாதிரி சின்னச் சின்ன ஆங்கர் அடிச்சு நூல் போட்டு இழுத்துக் கட்டுனாங்க. 6 வாரம் கை கழுத்துல மாட்டற ஸ்லிங்லயே. 3 மாசத்துக்கு அப்பறம்தான் ரப்பர் பேண்டே கைல குடுத்தாங்க. என் வயசுக்காரங்களுக்கு ஒண்டாரியோ அரசு காப்பீட்டுல பிசியோ பெரும்பாலும் வராது, ஒவ்வொரு தடவையும் 90 டாலர் என் கைல இருந்துதான் போச்சு. ஆனா அந்த பிசியோ பொண்ணு ஒரு விஷயத்த மனசுல பதிய வெச்சுட்டா: தசை சீக்கிரம் தேறிரும், தசைநாருக்கு ரத்த ஓட்டம் கம்மி, அது மெதுவாத்தான் தேறும், கை வலுவாயிடுச்சேன்னு எடைய ஏத்துனீங்கன்னா தச்ச இடம் தாங்காது. அதனால தலைக்கு மேல பார், அதான் ரெண்டு முனைலயும் எடைத் தகடு மாட்டற இரும்புக் கம்பி, அதத் தூக்கறதுக்கு ஒரு தடவைக்கு 1 கிலோ மட்டும்தான் கூட்டணும், அதுவும் 2 வாரத்துக்கு ஒருக்கா. விழறதுக்கு முன்னாடி 50 கிலோ தூக்குனவன் நான், 10 மாசம் கழிச்சு வெறும் 20 கிலோ பார 5 தடவை தூக்குன அன்னைக்கு கார்ல உக்காந்து அழுதேன்.

இந்த நிலைமைல 5 வாரம் சும்மா இருக்க முடியாதுன்னு வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு பெரிய ஜிம்முக்குப் போனேன். நான் காலேஜ் படிச்சப்ப அந்த இடத்துல ஓட்டுக் கூரை போட்ட கடை இருந்துச்சு, இப்ப மூணு மாடி, ஏசி, மெஷின் எல்லாம் மிசிசாகாலகூட நான் பாக்காதது, உண்மையிலயே சந்தோசமா இருந்துச்சு. 1 மாசத்துக்குக் கட்டறேன்னா 3 மாசப் பேக்கேஜ்தான்னாங்க, சரின்னு கட்டுனேன். ஒரு பேப்பர் குடுப்பாங்கன்னு நின்னுட்டு இருந்தேன். கனடால நிறைய ஜிம்ல சேரறப்ப 7 கேள்வி இருக்கற ஒரு தாள் குடுப்பாங்க, நெஞ்சு வலி உண்டா, மூட்டு எலும்புல பிரச்சனை உண்டான்னு. இங்க கேட்டது போன் நம்பரும் புரோட்டீன் பவுடர் வேணுமான்னும் மட்டும்தான்.

சரி, நானே சொன்னேன், தோள்ல ஆபரேசன் தம்பி, 1 கிலோ 1 கிலோவாத்தான் ஏத்தணும், அரைக் கிலோ தகடு ரெண்டு இருக்கான்னு. இருக்கறதுலயே சின்னது ரெண்டரை. ரெண்டு பக்கமும் மாட்டுனா 5 கிலோ. 20 கிலோ தூக்கறவனுக்கு 5 கிலோங்கறது கால்வாசி எடைங்க, ஒரே நாள்ல! அப்பத்தான் அந்தக் கேள்விய கேட்டுட்டு நான் வேண்டாம் வேண்டாங்கறதுக்குள்ள மாட்டி, பின்னால நின்னுகிட்டு "தூக்குங்கண்ணா, நான் இருக்கேன்"னான். நான் மறுத்திருக்கணும். மூணாவது தடவை பாதில கை நின்னுருச்சு, அவன் பார மேல இழுத்தான், தோளுக்குள்ள சுருக்குன்னு ஒரு வலி. கண்ணு இருட்டிடுச்சு. மறுபடியும் எம்.ஆர்.ஐ., மறுபடியும் ஸ்லிங், பிள்ளைங்கள ஸ்கூல்ல விடறதுக்கு யாரு, அவ்வளவும் அந்த நொடில ஓடுச்சு. வெளில வந்து பேக்கரி வாசல்ல நின்னு டீ குடிச்சேன், கிளாஸ் பிடிச்ச கை நடுங்குச்சு. அவன் நல்ல பையன்தான், கெட்ட எண்ணம் இல்ல, ஆனா நடுத்தர வயசு உடம்பு எப்படிப்பட்டதுன்னு அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. பணம் வாங்கற இடம் சொல்லிக் குடுக்கணுமில்லையா?

அன்னிக்கே தெருமுனைல ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனேன், அப்பாயின்ட்மென்ட் இல்லாம, 400 ரூபாய்ல, முக்கால் மணி நேரம் கைய எல்லாப் பக்கமும் தூக்கித் தள்ளிப் பாத்துட்டு, கிழியலீங்க, எரிச்சல்தான், 4 நாள் விட்டுட்டு மறுபடி வெறும் பார்ல ஆரம்பிங்கன்னார். இந்த வேகம் அங்க சாமி சத்தியமா கிடைக்காது.

ஆனா தகட்டுக்கு என்ன பண்றது? ஆன்லைன்ல தேடிட்டு இருந்தப்ப அப்பா பேப்பர்ல இருந்து தலையத் தூக்கி, "இரும்பு வட்டந்தான, ஆவாரம்பாளையத்துல மாமாகிட்ட போ"ன்னார். மாமான்னா அப்பாவோட மில்லுல வேலை பாத்தவர், மில்லு மூடுனதும் லேத், அதான் இரும்பக் கடையற மெஷின், போட்டு பம்ப் பார்ட்ஸுக்கு ஜாப் ஆர்டர் எடுத்தவர். இப்ப 68 வயசு. அதே சின்னப் பட்டறை, அதே கூலன்ட் வாசம், கால்ல குத்தற இரும்புச் சுருள்.

"வா கண்ணு, எப்ப வந்தே, அங்க குளுரு எப்படி"ன்னு ஆரம்பிச்சார். விஷயத்த சொன்னதும் முதல் கேள்வி, "பாரோட முனை எத்தன எம்.எம்.?" 50ன்னேன். "அப்ப ஓட்டை 51 போடணும், இல்லீனா மாட்டிட்டு கழட்ட வராது." சாக்பீஸ எடுத்து தரைலயே கணக்குப் போட்டார். 4 இன்ச் வட்டம், 10 எம்.எம். பிளேட்னா 476 கிராம்தான் வரும், 24 கிராம் குறையுது, அதனால 12 எம்.எம். பிளேட்ட கேஸ்ல வெட்டி பத்தரைக்கு லேத்ல முகத்தச் சீவி ஃபேஸ் பண்ணிக்கலாம், சரியா அரைக் கிலோ. ஒரு கிலோவுக்கு அதே கனம், அஞ்சேகால் இன்ச்சுக்கு ஒரு எம்.எம். மேல. நான் இஞ்சினியரிங் படிச்சவன், போன்ல கால்குலேட்டர் தட்டிப் பாத்தேன், 499.9 கிராம் வந்துச்சு. அப்படியே நின்னுட்டேன்.

மறுநாள் சாயங்காலம் 4 தகடும் ரெடி, ஓரத்தச் சரிவா சீவி சாம்ஃபர் பண்ணி, கை கிழிக்காம பிசிறு தட்டி. பக்கத்து மளிகைக் கடைத் தராசுல வெச்சோம்: 498, 502, 996, 1002. 900 ரூபாய் வாங்குனார். 15 டாலர்கூட வராது, மிசிசாகால அந்தக் காசுக்கு ஒருத்தர் என் கேள்வியக்கூட காது குடுத்துக் கேக்க மாட்டாங்க.

அவர் வேலை செஞ்சத பாத்துட்டே இருந்தப்பத்தான் கவனிச்சேன், லேத்ல இரும்பப் பிடிச்சு வெக்கற சக்க இறுக்கற சாவிய இடது கைல திருப்புறார். வலது கை தோளுக்கு மேல போகல. மேல் தட்டுல இருக்கற வெர்னியர் அளவுகோல எடுக்க ஸ்டூல் போட்டு ஏறுறார். கேட்டா, "ஒரு வருசமா இப்படித்தான் கண்ணு, வயசாச்சுல்ல"ன்னார். ஊரெல்லாம் இதத்தான் சொல்லுது, வயசாச்சு, வயசாச்சுன்னு. எனக்கு மனசு கேக்கல. "ஆபரேசன் பண்ணா கை மேல வருமா"ன்னு அவர் மெதுவா கேட்டப்ப, வண்டில உக்கார வெச்சு அதே பிசியோகிட்ட கூட்டிட்டுப் போனேன். கிழியல, சுகர்க்காரங்களுக்கு அடிக்கடி வர்ற ஃப்ரோசன் ஷோல்டர், மூட்டச் சுத்தி இருக்கற சவ்வு இறுகிப்போச்சு, ஆபரேசன் இப்ப வேண்டாம், சுவத்துல விரல வெச்சு கொஞ்சங் கொஞ்சமா மேல நடத்துங்க, தினமும் செய்யணும், பொறுமை வேணும்னார்.

மிச்ச மூணு வாரம் என் தகட்டத் தூக்கிட்டு அதே ஜிம்முக்குத்தான் போனேன், கட்டுன காசாச்சே. அந்தப் பையன்கிட்ட உக்காந்து பேசுனேன், ஆபரேசன் தழும்பக் காட்டுனேன். அடுத்த நாளே ஒரு நோட்டுல புதுசா வர்றவங்ககிட்ட அடி பட்டுருக்கா, ஆபரேசன் உண்டான்னு கேட்டு எழுத ஆரம்பிச்சிருந்தான், அதுவும் நடந்துச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி 21 கிலோ, 5 தடவை, வலி இல்லாம.

தகடு நாலும் 3 கிலோ, லக்கேஜ்ல ரெண்டு பாக்கெட் முறுக்க எடுத்துட்டு அத வெச்சேன். மிசிசாகா திரும்பி வந்து 2 வாரம் ஆச்சு. காலைல மாமாகிட்ட இருந்து வாய்ஸ் மெசேஜ். பட்டறைச் சுவத்துல விரல் எட்டற உயரத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு ஸ்கேல் வெச்சு அளந்துட்டு இருக்காராம். "கண்ணு, இன்னைக்கு 1,460 எம்.எம். நேத்தைக்கு விட 12 கூட."