கடற்கரை ஊருக்கு எந்தக் குட்டிக் கேமரா? சோனி ஆர்எக்ஸ்100 ஏழும் ஒலிம்பஸ் டிஜி-6உம்

சென்னையில் காம்பாக்ட் கேமரா வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது மெகாபிக்சல், ஜூம், விலை. நான் முதலில் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்வேன். பேட்டரியும் மெமரி கார்டும் போடுகிற இடத்தின் மூடி. அதன் விளிம்பைச் சுற்றி ரப்பர் ஓடுகிறதா? சுவிட்சைப் போட்டால் லென்ஸ் வெளியே நீள்கிறதா, உள்ளேயே இருந்துகொள்கிறதா? இந்த இரண்டையும் பார்த்தாலே அந்தக் கேமரா நம் ஊர்க் காற்றில் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பது பாதி தெரிந்துவிடும்.

நான் வைத்திருப்பது ஒலிம்பஸ் டிஜி-6. தங்கை வைத்திருப்பது சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது மாடல். இரண்டுமே 2019இல் வந்தவை. விடுமுறைக் காலைகளில் இருவரும் பெசன்ட் நகரிலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை நடப்போம், சில சமயம் கோவளம் போவோம். அவள் மனிதர்களை எடுப்பாள். நான் நண்டு, சிப்பி, பூச்சி, செடி. ஒரே வெளிச்சத்தில் ஒரே இடத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். என் சாய்வு டிஜி-6 பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாளில் பார்த்தால் சோனிதான் பெரிய ஆள். 20 மெகாபிக்சல், ஒரு அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு), 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம், நொடிக்கு 20 படம், மேலே எழும்பி வரும், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர், மடங்கும் திரை, மைக் செருக இடம். டிஜி-6இல் 12 மெகாபிக்சல், 25 முதல் 100 மி.மீ., அசையாத திரை, வியூஃபைண்டர் கிடையாது. இரண்டிலும் 4கே வீடியோ உண்டு, பிறகு கணினியில் திருத்த வசதியான ரா கோப்பும் எடுக்கலாம். எடையில் சோனி 302 கிராம், ஒலிம்பஸ் 253. அமெரிக்காவில் அறிமுகமானபோது சோனியின் விலை சுமார் 1,200 டாலர், டிஜி-6 சுமார் 450. இங்கே கடைக்குக் கடை விலை மாறும் என்பதால் ரூபாய்க் கணக்குக்குள் போகவில்லை.

படத்தின் தரத்தில் சோனி முந்துகிறது, சந்தேகமே வேண்டாம். அதன் சென்சார் பரப்பு டிஜி-6இன் சென்சாரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஜூம் செய்யாத நிலையில் டிஜி-6இன் லென்ஸ் எஃப் 2.0 வரை திறக்கும், சோனி எஃப் 2.8 வரைதான் (எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்). அதனால் அகலக் கோணத்தில் இடைவெளி கொஞ்சம் சுருங்கும். ஜூம் செய்ததும் அந்தச் சலுகை போய்விடும். மாலை மங்கிய பிறகு கச்சேரி மேடையோ கோயில் பிரகாரமோ எடுத்தால் டிஜி-6இன் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். சோனியில் முகம் முகமாகவே இருக்கும். டிஜி-6இல் முழு மேனுவல் முறையும் இல்லை, ஷட்டர் வேகத்தை நாமே வைக்க முடியாது. அபெர்ச்சரிலும், அதாவது லென்ஸ் திறப்பின் அளவிலும், மூன்று படிகள்தான், அதிலும் கடைசிப் படி உண்மையில் வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டி. கேமராவை வைத்துப் புகைப்படக் கலையைப் படிப்படியாகக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இது பெரிய குறை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறும் இரவுகளில் இரண்டுமே பைக்குள் இருப்பதுதான் நல்லது. அங்கே ஃபிளாஷும் வெள்ளை வெளிச்சமும் கூடவே கூடாது.

ஆனால் பக்கத்தில் போய் எடுப்பதில் கதை தலைகீழ். சோனியில் அகலக் கோணத்தில் 8 செ.மீ. வரை நெருங்கலாம், முழு ஜூமில் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். டிஜி-6இல் மைக்ரோஸ்கோப் என்றே ஒரு முறை இருக்கிறது. அதில் ஜூம் செய்த நிலையிலேயே லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரம் வரை போகலாம். எருக்கஞ்செடி நம் ஊரில் காலி மனைக்குக் காலி மனை நிற்கிறது. அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி இட்ட முட்டை ஒன்று ஒட்டியிருக்கும். வெறுங்கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். டிஜி-6இன் திரையில் அது கோபுர வடிவத்தில் நிற்கிறது, உச்சியிலிருந்து அடிவரை வரிவரியாக மேடு இறங்குகிறது. பக்கத்து இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இலையின் ஓரத்தை மென்றுகொண்டிருந்தால், அதன் வாய் அசைவதைக்கூட வீடியோ எடுக்கலாம். அவ்வளவு நெருங்கும்போது கேமராவின் நிழலே விழுந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் வளையம் விற்கிறார்கள். கேமராவின் எல்இடி வெளிச்சத்தை வாங்கி லென்ஸைச் சுற்றிப் பரப்பிவிடும். டிஜி-6 வாங்கினால் அதையும் சேர்த்தே வாங்குங்கள். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தரும் வசதியும் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. அசையாத சிப்பிக்கும் விதைக்கும் அது பிரமாதம். காற்றில் ஆடும் பூவுக்கு உதவாது.

என்னை முடிவெடுக்க வைத்தது இதுவும் இல்லை. பராமரிப்புதான்.

சோனி போன்ற காம்பாக்ட் கேமராக்களில் சுவிட்சைப் போட்டதும் லென்ஸ் குழல் குழலாக வெளியே நீளும், அணைத்ததும் உள்ளே போகும். நீளும்போது உள்ளே இடம் பெருகுவதால் வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும், சைக்கிள் பம்பு மாதிரி. சென்னையில் அந்தக் காற்றோடு என்னென்ன போகும் என்று யோசித்துப் பாருங்கள். கடற்கரையில் மணலும் உப்பும், மெட்ரோ வேலை நடக்கிற சாலையில் சிமெண்ட் தூசி, வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஈரம். தூசி சென்சாரில் போய் உட்கார்ந்தால் வானத்தை எடுக்கும் படங்களில் சாம்பல் நிறப் பொட்டு விழும். அபெர்ச்சரைச் சிறிதாக்கினால் இன்னும் பளிச்சென்று தெரியும். லென்ஸைக் கழற்றி மாற்றுகிற கேமராவாக இருந்தால் ஊதித் துடைத்துவிடலாம். இதில் லென்ஸ் உடலோடு ஒட்டியது, மொத்தமாகப் பிரித்தால்தான் ஆகும். மணல் துகள் ஒன்று குழல்களுக்கு நடுவே சிக்கினால் கரகர சத்தத்தோடு லென்ஸ் பாதியில் நின்றுவிடும். எனக்கு முன்பு இருந்த வேறொரு காம்பாக்டுக்கு இதுதான் நடந்தது. பழுது பார்க்கக் கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் பழைய கேமரா ஒன்று வாங்கலாம் என்ற நிலை.

அடுத்தது பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டியபடியே இருந்தால் லென்ஸுக்குள் வலை மாதிரி பூஞ்சை படரத் தொடங்கும். சென்னையில் அந்த அளவு சர்வசாதாரணம், ஐப்பசி கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். தங்கை இதைச் சரியாகக் கவனித்துக்கொள்கிறாள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறாள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி ஈரம் போக்கி மறுபடி போடுகிறாள். இவ்வளவும் செய்ய ஆள் இருந்தால் சோனி நன்றாகவே உழைக்கும். (கேமராவை அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். மாவுத் தூசி உள்ளே போவதுதான் மிச்சம்.)

அப்புறம் ஏசி. குளிர்ந்த காரிலிருந்து இறங்கிக் கடற்கரையில் உடனே கேமராவைப் போட்டால் லென்ஸ் புகைமூட்டமாகிவிடும். வெளிப்பக்கம் படிந்த ஈரத்தைத் துடைத்துவிடலாம். லென்ஸ் நீண்டு, ஈரக்காற்று உள்ளே போய், குளிர்ந்த கண்ணாடிமேல் படிந்துவிட்டால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. “அக்கா, இன்னும் தெளியல, உன்னோடத கொஞ்சம் குடு” என்று தங்கை கை நீட்டுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

டிஜி-6இல் லென்ஸ் நகர்வதெல்லாம் உடலுக்குள்ளேதான். முன்னால் ஒரு தட்டைக் கண்ணாடி, அதற்குப் பின்னால் எல்லாம் மூடி அடைத்தது. தூசி புகாது, 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீரும் புகாது என்று நிறுவனம் சொல்கிறது. நான் அந்த ஆழத்துக்குப் போனதில்லை. முழங்கால் தண்ணீரிலும் கோவளம் பாறையிடுக்குக் குட்டைகளிலும் அமுக்கி எடுத்திருக்கிறேன், அடை மழையில் கழுத்தில் தொங்கவிட்டு நடந்திருக்கிறேன். அதுவரைதான் என் அனுபவம். வீட்டுக்கு வந்ததும் மூடிகள் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் வாளியில் கேமராவைப் போட்டுவிடுவேன். உப்பு ஊறிப் போக வேண்டும். பிறகு முன்பக்க வளையத்தைக் கழற்றி, இடுக்கில் ஒட்டிய மணலைக் குழாய்த் தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றி எடுப்பேன். இதைச் சோனிக்குச் செய்தால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது.

இதற்கும் பராமரிப்பு இல்லாமல் இல்லை. பேட்டரிப் பக்கம் ஒன்று, கேபிள் செருகும் பக்கம் ஒன்று என்று இரண்டு மூடி. இரண்டிலும் ரப்பர் உண்டு, இரட்டைப் பூட்டும் உண்டு. ஒரு தலைமுடியோ ஒரு மணலோ ரப்பரின்மேல் கிடந்தால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். அதனால் கடற்கரையில் மூடியைத் திறப்பதே இல்லை. பேட்டரியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போவேன். ரப்பரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது நிறுவனம். வாங்குவதற்கு முன்பே அதற்கு எங்கே போவது என்று கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அடைத்த கேமராவுக்குள் எந்தக் காற்று போகிறதோ அதுதான் உள்ளே தங்கும். புழுக்கத்தில் மூடியைத் திறந்து மூடிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் கண்ணாடியின் உட்பக்கம் வேர்த்துவிடும். கார்டு எடுப்பதும் பேட்டரி மாற்றுவதும் ஏசி ஓடும் அறையில்தான் செய்கிறேன், அங்கே காற்று உலர்ந்திருக்கும். லென்ஸுக்குத் தானாக மூடும் கதவு இல்லாததால் சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் இதைப் போடக் கூடாது.

ரிக்கோ ஜிஆர் 3 பற்றியும் கேட்பார்கள். சட்டைப் பையில் போடுகிற அளவில் சோனியுடையதைவிடப் பெரிய, ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சார் அதில் இருக்கிறது, மயிலாப்பூர் மாட வீதிகளில் நடந்து படம் எடுக்க அருமையான கேமரா. ஆனால் அதன் லென்ஸும் வெளியே நீள்வதுதான், சென்சாரில் தூசி விழுகிறது என்ற புகார் அந்த வரிசைக்கு நெடுநாளாகவே உண்டு. ஜூமும் கிடையாது. கடற்கரைக்கு நான் எடுத்துப் போக மாட்டேன்.

குழந்தைகள், விசேஷங்கள், பயணம், வீடியோ என்று எடுப்பவருக்கு, டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் பராமரிக்கும் பொறுமை இருந்தால், சோனியைத்தான் சொல்வேன். ஓடும் குழந்தையின் கண்ணைப் பிடித்து ஃபோகஸ் செய்வதில் டிஜி-6 அதன் பக்கத்தில் நிற்காது. நண்பகல் வெயிலில் திரை வெளிறிப்போகும்போது அந்த வியூஃபைண்டருக்கும் எனக்கு ஏக்கம் உண்டு. கடலோரம், மழை, சேறு, பூச்சி, செடி என்று போகிறவர் யோசிக்காமல் டிஜி-6 எடுக்கலாம். 2023இல், ஒலிம்பஸ் கேமராக்களுக்கு இப்போதைய பெயரான ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் டிஜி-7 வந்துவிட்டது. யுஎஸ்பி-சி வந்ததைத் தவிர அடிப்படையில் பெரிய மாற்றம் இல்லை, இங்கே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

பழைய டிஜி-6 கிடைத்தால் வெளிக்கீறலைப் பார்த்து விலை பேசாதீர்கள். இரண்டு மூடியையும் திறந்து ரப்பரில் வெடிப்போ நசுங்கலோ இருக்கிறதா என்று நகத்தால் தொட்டுப் பாருங்கள். பேட்டரி போடும் குழியில் செம்புத் தகடுகள் பச்சை பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்வந்திருக்கிறது, வேண்டாம். முன்கண்ணாடியைச் சாய்த்து டார்ச் அடித்து உட்பக்கம் மூட்டமோ வலையோ தெரிகிறதா என்றும் பாருங்கள். பழைய சோனி என்றால் லென்ஸைச் சில தடவை நீட்டிச் சுருக்கிக் காதருகே வைத்துக் கேளுங்கள். பிறகு அபெர்ச்சரை எஃப் 11க்கு வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், பொட்டு இருக்கிறதா இல்லையா என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.