பார்க்லி, ஹென்றி, ஜேக்கப்ஸ்: 2024 மார்ச்சில் யார் போட்ட கணக்கு சரி?

2024 மார்ச் 11, 12 தேதிகளில், இரண்டே நாள்களுக்குள், அமெரிக்கக் கால்பந்தின் மூன்று பெரிய ரன்னிங் பேக்குகள் அணி மாறினார்கள். சேக்வான் பார்க்லி நியூயார்க் ஜயன்ட்ஸை விட்டு, அதன் பரம எதிரியான பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார். டெரிக் ஹென்றி டென்னஸி டைட்டன்ஸிலிருந்து பால்டிமோர் ரேவன்ஸுக்கு. ஜாஷ் ஜேக்கப்ஸ் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸிலிருந்து கிரீன் பே பேக்கர்ஸுக்கு. மூவரும் ஒப்பந்தம் முடிந்த ஃப்ரீ ஏஜென்ட்டுகள். மூவருக்கும் ஒரே வேலை: பந்தை வாங்கிக்கொண்டு எதிரணித் தடுப்பைப் பிளந்து ஓடுவது. ஆனால் அவர்களை வாங்கிய மூன்று அணிகளும் மூன்று விதமாகக் கணக்குப் போட்டன.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பை பார்க்லியை வாங்கியவர்களுக்குப் போனது. ஆனால் கொடுத்த விலைக்கு மிகச் சிறந்த ஒப்பந்தம் ஹென்றியுடையது. ஏன் என்பதற்கு, இவர்கள் சந்தைக்கு வந்தபோது சந்தை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

2023 ரன்னிங் பேக்குகளுக்குப் போதாத காலம். பார்க்லி, ஜேக்கப்ஸ் இருவரையும் அவரவர் அணிகள் ஃபிரான்சைஸ் டேக் போட்டுக் கட்டிவைத்தன. அதாவது ஓராண்டுக்குச் சுமார் 10.1 மில்லியன் டாலர். நீண்ட கால ஒப்பந்தம் கிடையாது. 'ஓடுபவர் இருபத்தெட்டு வயதில் தேய்ந்துவிடுவார், டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) மலிவாக இன்னொருவர் கிடைப்பார்' என்பது அணி நிர்வாகங்களின் பொதுக்கருத்தாகவே ஆகிவிட்டிருந்தது. நொந்துபோன ரன்னிங் பேக்குகள் அந்த ஜூலையில் ஸூம் அழைப்பில் கூடிப் பேச வேண்டிய நிலை. ஜேக்கப்ஸ் பயிற்சி முகாமுக்கே போகாமல் இருந்துவிட்டு, சீசன் தொடங்கும் நேரத்தில்தான் கையெழுத்துப் போட்டார். இத்தனைக்கும் அதற்கு முந்தைய 2022 சீசனில் 1,653 கெஜம் ஓடி, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லிலேயே முதலிடம் பிடித்தவர் அவர்.

2024-இல் ஒரு திருப்பம். ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பள வரம்பு ஒரே மூச்சில் 30.6 மில்லியன் ஏறி, 255.4 மில்லியன் டாலரைத் தொட்டது. ஒவ்வோர் அணியின் கையிலும் எதிர்பாராத பணம். அதே சமயம், ஓடுபவர்களின் விலை இன்னும் அடிமட்டத்தில்தான் கிடந்தது. அந்த இடைவெளியைத்தான் இந்த மூன்று அணிகளும் பிடித்துக்கொண்டன.

காகிதத்தில்

செய்தித் தலைப்பில் வரும் தொகையை நம்பினால் இந்த ஒப்பீடு தலைகீழாகிவிடும். தலைப்பின்படி ஜேக்கப்ஸுக்கு 4 ஆண்டுக்கு 48 மில்லியன், பார்க்லிக்கு 3 ஆண்டுக்கு 37.75 மில்லியன், ஹென்றிக்கு 2 ஆண்டுக்கு 16 மில்லியன். பார்த்தால் ஜேக்கப்ஸுக்குத்தான் அடித்தது யோகம் என்று தோன்றும். ஆனால் என்எஃப்எல் ஒப்பந்தத்தை எந்த ஆண்டிலும் அணி முறித்துக்கொள்ளலாம். ஆகவே உண்மையான விலை உத்தரவாதத் தொகைதான். அது பார்க்லிக்கு 26 மில்லியன், ஜேக்கப்ஸுக்கு 12.5 மில்லியன், ஹென்றிக்கு 9 மில்லியன்.

இப்போது படம் மாறுகிறது. ஈகிள்ஸ் இரண்டு ஆண்டுகளுக்குப் பார்க்லியோடு தங்களைக் கட்டிப்போட்டுக்கொண்டார்கள். பேக்கர்ஸ் எழுதியது நான்காண்டு ஒப்பந்தம் போலத் தெரியும் ஓராண்டு ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் அடுத்த மார்ச்சிலேயே கழற்றிவிடலாம். எழுத்து நுணுக்கம் என்று பார்த்தால் மூன்றிலும் இதுவே கெட்டிக்காரத்தனமானது. ரேவன்ஸோ முப்பது வயதுக்காரரை, மற்ற அணிகள் பயந்து ஒதுங்கிய விலைக்கு எடுத்தார்கள்.

மூவரும் முந்தைய சீசனில் சோபிக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2023-இல் ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாகப் பார்க்லி 3.9 கெஜம், ஹென்றி 4.2, ஜேக்கப்ஸ் 3.5. இந்த எண்களை மட்டும் பார்த்தவர்கள் மூவரும் சரிவில் இருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள்.

களத்தில்

2024 சீசன் முடிந்தபோது: பார்க்லி 2,005 கெஜம், சராசரி 5.8. ஹென்றி 1,921 கெஜம், சராசரி 5.9, ஓடியே 16 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது). ஜேக்கப்ஸ் 1,329 கெஜம், சராசரி 4.4, 15 டச்டவுன்.

மூன்று பேருக்கும் ஒரே கோடையில் புதுக்கால் முளைத்துவிடவில்லை. அவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் மாறினார்கள். இந்த அலசலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ரன்னிங் பேக்குக்குத் தனியாக ஒரு விலை கிடையாது. எந்த அணியின் ஆஃபென்சிவ் லைனுக்கு (ஓடுபவருக்கு வழி திறந்துவிடும் முன்வரிசைக்கு) பின்னால், எந்தக் குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவருக்கு) பக்கத்தில் நிற்கப்போகிறார் என்பதைச் சேர்த்துத்தான் அவர் விலையைப் போட முடியும்.

ஈகிள்ஸின் அந்த வரிசையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இடது ஓரத்தில் ஜோர்டன் மெய்லாட்டா: ஆறடி எட்டு அங்குலம், 165 கிலோ. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். 2018 டிராஃப்டின் ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டபோது அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றுகூட ஆடியிருக்கவில்லை. வலது ஓரத்தில் லேன் ஜான்சன். நடுவில் பல ஆண்டு தூணாக நின்ற ஜேசன் கெல்சி, பார்க்லி வந்த அதே மாதம் ஓய்வை அறிவித்தார். அந்த இடத்துக்கு கேம் ஜர்கன்ஸ் நகர்ந்தார். ஜர்கன்ஸ் விட்ட வலது கார்டு (நடு ஆளுக்குப் பக்கத்து) இடத்தில், நியூயார்க் ஜெட்ஸ் அணி கைவிட்ட மெக்கை பெக்டனை ஓராண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டௌட்லண்ட், டேக்கிளாகவே (ஓரத்து ஆளாகவே) பழகியிருந்த பெக்டனை கார்டாக மாற்றிக் காட்டியது, அந்த ஆண்டின் பேசப்படாத சாதனை.

அப்படியானால் பார்க்லியின் 2,005 கெஜமும் வரிசையின் கொடையா? இல்லை. அதற்குச் சான்று டீஆண்ட்ரே ஸ்விஃப்ட். 2023-இல் ஏறக்குறைய இதே வரிசைக்குப் பின்னால் ஓடியவர் அவர்: 1,049 கெஜம், சராசரி 4.6. அடுத்த ஆண்டு 24 மில்லியன் ஒப்பந்தத்தில் சிகாகோ பேர்ஸுக்குப் போனதும் சராசரி 3.8 ஆனது. ஆக, நல்ல ஓட்டக்காரர் ஒருவருக்கு அந்த வரிசை 4.6 கொடுத்தது. அதற்கு மேலே உள்ள ஒரு கெஜத்துக்கும் கூடுதலான வித்தியாசம் பார்க்லியுடையது. ஓர் ஓட்டத்துக்கு ஒரு கெஜம் என்பது சின்னதாகத் தெரியலாம். 345 ஓட்டங்களுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

அந்த வித்தியாசம் எங்கே தெரிந்தது என்றால், திறந்த வெளியில். 2025 ஜனவரி 19, பிலடெல்பியாவில் ராம்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்று). பனி கொட்டுகிறது, களத்தில் கோடுகளே மறைகின்றன. முதல் பாதிக்குள் 62 கெஜ டச்டவுன் ஒன்று. நான்காம் கால்பகுதியில், ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது, 78 கெஜம் இன்னொன்று. வழுக்கும் தரையில் தடுப்பாளர்கள் காலை ஊன்றத் தடுமாற, அவர் முழு வேகத்தில் போனார். அன்று மொத்தம் 205 கெஜம். ஈகிள்ஸ் 28-22 என்று ஜெயித்தது. வரிசை அவருக்கு முதல் ஐந்து கெஜத்தைத் திறந்துவிட்டது. மீதி எழுபதுக்கு மேல் அவருடைய சொந்தச் சம்பாத்தியம். ஸ்விஃப்ட்டால் அது முடிந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

பிளேஆஃபையும் சேர்த்து அந்த சீசனில் அவர் ஓடியது 2,504 கெஜம். டெரல் டேவிஸ் 1998-இல் வைத்த 2,476 என்ற சாதனை அதோடு போனது.

ஆனால் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்று தந்தது பார்க்லி அல்ல. கான்சஸ் சிட்டிக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் 25 முறை ஓடி 57 கெஜம்தான் எடுத்தார். 40-22 என்ற வெற்றி தற்காப்புப் படையின் கைவரிசை: எதிரணிக் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள். அந்தப் படையின் நடுவில் நின்ற ஜாக் பான், அதே 2024 மார்ச்சில் வெறும் 3.5 மில்லியனுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர். அந்த சீசனில் முதல்தர ஆல்-ப்ரோ ஆனார், அதாவது லீகின் அந்த ஆண்டுச் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம் பிடித்தார். அவரை வாங்கிய ஈகிள்ஸ் மேலாளர் ஹோவி ரோஸ்மேன் அதே மார்ச்சில் தற்காப்பு வீரர் பிரைஸ் ஹஃபுக்கு 51.1 மில்லியன் எழுதிக்கொடுத்தார். ஹஃப் இரண்டரை சாக்கோடு (குவார்ட்டர்பேக்கைச் சாய்த்த கணக்கு) சீசனை முடித்து, சூப்பர் பௌலில் சீருடைகூட அணியவில்லை. ரோஸ்மேனைத் தீர்க்கதரிசி என்று புகழ்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஹென்றி ஏன் முதலிடம்

ரேவன்ஸின் தேவை வெளிப்படையானது. 2024 ஜனவரியில் சொந்த மைதானத்தில் ஏஎஃப்சி (லீகின் இரு பாதிகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தில் கான்சஸ் சிட்டியிடம் 17-10 என்று தோற்றார்கள். அன்று அவர்களின் ரன்னிங் பேக்குகளுக்குப் பந்து கிடைத்தது மொத்தமே ஆறு முறை. ஓடி ஜெயித்துப் பழகிய அணி, முக்கியமான நாளில் ஓடவே மறந்துவிட்டது. ஹென்றி மாதிரி ஒருவரை வைத்துக்கொண்டு அப்படி மறக்க முடியாது.

பக்கத்தில் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் இருப்பது ஹென்றிக்குக் கிடைத்த வரம். ஜாக்சனே பந்தை வைத்துக்கொண்டு ஓடிவிடுவாரோ என்று ஓரத் தடுப்பாளர் ஒரு கணம் தயங்கியாக வேண்டும். அந்த ஒரு கணத்தில் 110 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஹென்றி இடைவெளிக்குள் நுழைந்துவிடுகிறார். செப்டம்பர் 29 அன்று பஃபலோவுக்கு எதிராக ரேவன்ஸின் முதல் ஆட்ட நகர்விலேயே 87 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். அந்த அணியின் வரலாற்றிலேயே மிக நீண்ட ஓட்டம் அது. ஹென்றி வந்ததால் ஜாக்சனுக்கும் லாபம்: 41 டச்டவுன் பாஸ், 4 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பாஸ்) மட்டுமே. ஒரே சீசனில் 4,000 கெஜம் பாஸிலும் 3,000 கெஜம் ஓட்டத்திலும் எடுத்த முதல் அணி ரேவன்ஸ்தான்.

டாலஸ் கவ்பாய்ஸ் இதே ஆளை எடுத்திருக்கலாம். ஹென்றியை வாங்க வசதிப்படவில்லை என்று உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் சொன்னார். ஆண்டுக்கு 8 மில்லியன்! செப்டம்பரில் டாலஸுக்கே போய் 151 கெஜமும் இரண்டு டச்டவுனும் எடுத்துவிட்டு வந்தார் ஹென்றி.

பிளேஆஃபில் ரேவன்ஸ் பஃபலோவிடம் 27-25 என்று வெளியேறியதை வைத்து இந்த ஒப்பந்தத்தைக் குறைசொல்பவர்களும் உண்டு. ஹென்றி அன்று 84 கெஜமும் ஒரு டச்டவுனும் எடுத்திருந்தார். ஜாக்சன் பந்தை இருமுறை பறிகொடுத்ததும், ஆட்டத்தைச் சமன் செய்திருக்கக்கூடிய பந்தை மார்க் ஆண்ட்ரூஸ் நழுவவிட்டதும்தான் தோல்விக்குக் காரணம்.

பார்க்லியைவிட ஹென்றிக்கு 84 கெஜம் குறைவு, மூன்று டச்டவுன் அதிகம், உத்தரவாதத் தொகையோ மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல். அவர் தேய்ந்து போயிருந்தாலும் ரேவன்ஸுக்கு இழப்பு 9 மில்லியனோடு முடிந்திருக்கும். பார்க்லிக்குப் பழைய முட்டிக் காயம் திரும்பியிருந்தால் ஈகிள்ஸ் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வித்தியாசம் புரியும்.

ஜேக்கப்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஓட்டக்காரர், நம்பகமான ஒப்பந்தம், வேலையைச் செய்தார். ஆனால் அவரைக் கொண்டுவந்த அதே நாளில் பேக்கர்ஸ் ஆரன் ஜோன்ஸை வெளியேற்றியது உறுத்துகிறது. ஏழாண்டு உழைத்தவர், அந்த ஜனவரியில்தான் டாலஸில் பிளேஆஃபில் மூன்று டச்டவுன் போட்டிருந்தார். சம்பளக் குறைப்பில் உடன்பாடு வராமல் போனதும் அனுப்பிவிட்டார்கள். அவர் பக்கத்து மினசோட்டா வைக்கிங்ஸுக்கு 7 மில்லியனுக்குப் போய் 1,138 கெஜம் ஓடினார். அந்த அணி 14 ஆட்டம் ஜெயித்தது. ஆக பேக்கர்ஸின் நிகர லாபம் ஏறத்தாழ இருநூறு கெஜம்தான். ஜேக்கப்ஸ் இளையவர் என்பதால் நான் பேக்கர்ஸைத் தவறு சொல்ல மாட்டேன். ஆனாலும் மூன்றில் மூன்றாவது இதுதான்.

இழந்தவர்கள்

ஜயன்ட்ஸைத் திட்டுவது எளிது. பார்க்லி பிலடெல்பியாவுக்குப் போய்விட்டால் தூக்கம் வராது என்று உரிமையாளர் ஜான் மாரா மேலாளர் ஜோ ஷேனிடம் சொன்னது தொலைக்காட்சித் தொடரில் ஒளிபரப்பாகி, நியூயார்க் ரசிகர்களின் வயிற்றெரிச்சலைக் கிளறியது. அக்டோபர் 20-இல் பார்க்லி பழைய மைதானத்துக்கே திரும்பி 176 கெஜம் ஓட, ஈகிள்ஸ் 28-3 என்று ஜெயித்தது.

ஆனாலும் ஷேனின் முடிவில் ஒரு பகுதி சரி. ஜயன்ட்ஸின் வரிசைக்குப் பின்னால் பார்க்லியின் சராசரி 3.9. அங்கேயே இருந்திருந்தால் 2,005 கெஜம் வந்திருக்காது. ஐந்தாவது சுற்றில் எடுத்த டைரோன் டிரேசி அதே இடத்தில் 839 கெஜம் ஓடினார், சொற்பச் சம்பளத்துக்கு. அந்த அணிக்கு 26 மில்லியன் உத்தரவாதம் தருமளவுக்கு ஓட்டக்காரர் தேவைப்படவில்லை, வரிசைதான் தேவைப்பட்டது. அதற்கு முந்தைய மார்ச்சில் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு 160 மில்லியன் ஒப்பந்தம் கொடுத்து, 2024 நவம்பரில் அவரையும் வெளியேற்றியதுதான் பெரிய தவறு.

ஷேன் மீது எனக்குள்ள கோபம் வேறு. 2023 அக்டோபர் இறுதியில், டிரேடு (வீரர் பரிமாற்ற) கெடு முடியும்போது, ஜயன்ட்ஸ் 2 வெற்றி 6 தோல்வியில் கிடந்தது. தற்காப்பு வீரர் லெனர்ட் வில்லியம்ஸை சியாட்டில் அணிக்குக் கொடுத்து ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வையும் வாங்கினார்கள். பார்க்லியின் ஒப்பந்தமும் அந்த சீசனோடு முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். நீண்ட ஒப்பந்தம் தரப்போவதில்லை என்பதும் தெரியும். அன்றே அவரை வேறு பிரிவு அணி எதற்காவது மாற்றியிருந்தால் ஒரு டிராஃப்ட் தேர்வாவது கையில் இருந்திருக்கும். ஒரே பிரிவில் இருக்கும் ஈகிள்ஸில் அவரை ஆண்டுக்கு இரண்டு முறை எதிர்த்து ஆட வேண்டியும் வந்திருக்காது.