வெள்ளவத்தை சீ சைட் ஃபிளாட்: நாலு வருடப் பாவனைக்குப் பிறகு

மேற்கு யன்னலை மூன்றாம் தடவையும் கழற்றிப் பூட்டியாயிற்று. "சீ சைட்டில் வீடு எடுக்கலாமா?" என்று கேட்ட நண்பருக்கு அந்தச் சூட்டோடு எழுதும் பதில் இது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோர மரைன் டிரைவுக்கும் நடுவில் மூன்றாம் மாடி, இரண்டு அறை. மிச்சத்தைப் புரோக்கரே சொல்லுவார். யன்னலைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்.

சாதாரண அலுமினிய ஸ்லைடிங் யன்னல்தான். ஒவ்வொரு கண்ணாடிக் கதவின் அடியிலும் இரண்டு சில்லு. கட்டிடம் கட்டும்போது போட்டவை இரும்பு அச்சுச் சில்லுகள். மே முதல் செப்டம்பர் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது உப்பு ஈரம் அச்சில் ஏறிக் கறள் பிடிக்கும். முதலில் கரகரக்கும், பிறகு இழுபடும், கடைசியில் இரண்டு கையாலும் அசையாது. இழுக்கக் கஷ்டமான யன்னலை யாரும் தினமும் திறப்பதில்லை, வினை அங்கே தொடங்குகிறது. வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 420 பங்கு. இரண்டு பேர் படுக்கும் அறையை இறுக்கிப் பூட்டினால் விடியும்போது அது 2,000ஐயும் தாண்டலாம். எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டும் தலை பாரமாக எழும்புவது, பிள்ளை புத்தகத்தின் மேல் தூங்கி விழுவது, காலைத் தேத்தண்ணிக்கு முன்பே வீட்டில் சண்டை பிடிப்பது, எல்லாவற்றிலும் இந்தச் சில்லுக்குப் பங்குண்டு.

திருத்துவது கஷ்டமில்லை. கதவை மேலே தூக்கி, அடிப்பக்கத்தை உள்ளே இழுத்தால் கழன்று வரும். பழைய சில்லை மாதிரிக்குக் கொண்டுபோங்கள், உயரம் கொஞ்சம் மாறினாலும் கொக்கி பூட்டாது. நைலோன் சில்லு, ஸ்டெயின்லெஸ் அச்சு என்று கேட்டு வாங்க வேண்டும். பக்கத்துக் கடையில் இல்லாவிட்டால் ஹாட்வெயார் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவுக்குப் போங்கள். கிரீஸ் பூசவே கூடாது, மணலும் உப்பும் ஒட்டிக்கொண்டு சில்லை அரைத்துவிடும். சிலிக்கன் ஸ்பிரே போதும். கிழமைக்கு ஒருமுறை சில்லு ஓடும் தடத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

இன்னொன்று, தடத்தின் வெளிப்பக்கத்தில் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதென்று திருத்து வேலைக்குக் கூப்பிட்ட பாஸ், வெளி ஓரம் முழுக்க சிலிக்கன் இழுத்தார், துளைகளையும் சேர்த்து! தடம் தொட்டியானது, அடுத்த மழைக்கு மெத்தை நனைந்தது, பத்து நாளில் சுவரில் பூஞ்சணம். பிளேடால் கீறித் துளையைத் திறந்து, ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடிய வேண்டும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். யன்னல் ஓடும் நாளில் இந்த வீட்டுக்கு ஈடில்லை. பகலில் கடற்காற்று தாராளம். இரவில் காற்று தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும், ஆகவே குசினி யன்னலும் நாலு விரல் அகலம் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் அறையில் காற்று ஓடாது. பின்னேர வெயிலுக்கு உள்ளே தடித்த திரை போட்டுப் பெரிய பிரயோசனமில்லை, சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது. வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள், அடி முனையையும் சேர்த்து. இல்லாவிட்டால் சோளகம் கொண்டுபோய்விடும். அப்படியும் மேற்குச் சுவர் குடித்த வெக்கையை இரவில்தான் கக்கும், படிக்கும் மேசையைக் கிழக்கு அறைக்கு மாற்றியதும் பிள்ளையின் சிணுங்கல் பாதியாகக் குறைந்தது.

இடத்தைப் பற்றிக் குறையே இல்லை. காலி வீதியில் 100, 101 பஸ், கோட்டைக்கு நேரே ரயில், 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம். கொள்ளுப்பிட்டியில் நேர்முகத் தேர்வென்று காலையில் அழைத்தால், உடுப்பு மாற்றிக்கொண்டு மத்தியானத்துக்கு முன் போய் நிற்கலாம். வாடகை உண்மையில் இதற்குத்தான், கடல் கொசுறு.

ஆனாலும் நண்பருக்குப் பதில்: எடுக்கவேண்டாம். காலி வீதிக்கு மற்றப் பக்கம், லேண்ட் சைட்டில், காலை வெயில் விழும் படுக்கையறையாகப் பாருங்கள். விடியற்காலை வெளிச்சம் பட்டால் உடம்பின் கடிகாரம் ஒழுங்காக ஓடும், இரவு நித்திரையும் நேரத்துக்கு வரும். உப்பும் அங்கே குறைவு.

இங்கே லீஸை இன்னும் இரண்டு வருடத்துக்கு எழுதியாயிற்று. ஸ்டெயின்லெஸ் அச்சுச் சில்லு எட்டு, லாச்சியில் கிடக்கிறது.