பிரசவ வகுப்பா, மாமியார் வாட்ஸ்அப்பா: டர்பனில் போட்ட கணக்கு

“சீரகத்தைப் போட்டுக் கொதிக்க வச்சு ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை. நின்னுட்டா அது சூட்டு வலி. நிக்காம ஏறிக்கிட்டே போனா உடனே கிளம்பிடுங்க.” திருநெல்வேலியிலிருந்து என் மாமியார் சொன்னது இது. அதே வாரம் தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனில் ஆன்டிநேட்டல் கிளாஸ், அதாவது பிரசவத்துக்கு முந்தைய வகுப்பு, எடுத்த மிட்வைஃப் (மருத்துவச்சி) அம்மாள் வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டது: தண்ணீர் குடியுங்கள், வெந்நீரில் குளியுங்கள், கொஞ்சம் நடந்து பாருங்கள், வலி அடங்கிவிட்டால் அது பொய் வலி. இரண்டுக்கும் நடுவே சீரகம்தான் வித்தியாசம்.

அப்புறம் வகுப்புக்குக் காசு எதற்கு? 2023-ல் என் மனைவிக்கு ஐந்தாவது மாதம் நடந்தபோது எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. “நாலு பெத்தவ நான், எந்த கிளாசுக்குப் போனேன்?” என்பது மாமியார் கட்சி. நானும் அதே கட்சிதான், ஆனால் என் காரணம் வேறு: வேலை முடிந்து வந்த பிறகு இன்னொரு இடத்தில் போய் உட்கார வேண்டாம். மனைவி ஒரே கேள்வியில் இரண்டு பேரையும் மடக்கினாள். “அம்மா பக்கத்துல இருந்தா நானும் போக மாட்டேன். இருக்காங்களா?”

ஊரில் என்றால் வளைகாப்பு முடிந்த கையோடு தாய் வீட்டுக்குப் போயிருப்பாள். வலி வரும் இரவில் அம்மா, சித்தி, எதிர்வீட்டு ஆச்சி என்று நாலு பேர் சுற்றி நின்றிருப்பார்கள். இங்கே விசிட்டர் விசா 90 நாள்தான். அதைப் பிள்ளை பிறந்த பிறகு எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்ததால், வலி நேரத்துக்கு மிஞ்சியது நான் ஒருத்தன். எனக்கு பிரசவத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்தது: கதவு சாத்தும், வெளியே கணவன் குறுக்கும் நெடுக்கும் நடப்பான், அழுகைச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

சரி, என்னென்ன வழி என்று பார்த்தோம். பிரசவம் பார்க்கப்போகும் தனியார் மருத்துவமனையே நடத்தும் ஒருநாள் வகுப்பு, தனியாக ஒரு மிட்வைஃப் தன் வீட்டு ஹாலில் வைத்து நடத்தும் ஆறு மாலை வகுப்பு, அரசு கிளினிக், யூடியூப். இவற்றோடு எப்போதும்போல மாமியார்.

மருத்துவமனை வகுப்புக்கு ஒரு சனிக்கிழமை போனோம். பாதி நேரம் சந்தைக்கடை. தொப்புள்கொடி ரத்த வங்கிக்காரர் அரை மணி நேரம் பேசினார், பிறகு குழந்தைத் தள்ளுவண்டி விற்கிறவர், பிறகு டயப்பர் பை. பால்மாவுக்காரர்கள் மட்டும் இல்லை. குழந்தைப் பால்மாவை விளம்பரப்படுத்த 2012-ல் வந்த விதிகள் விடுவதில்லை. ஒரு பெண் எழுந்து, “இங்கே எத்தனை சதவீதம் சிசேரியன்?” என்று கேட்டார். “உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்” என்று பதில் வந்தது. கேட்கவேண்டிய கேள்விதான். தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்களின் பிரசவங்களில் பத்தில் ஏழுக்கும் மேல் சிசேரியன். அந்த வகுப்பில் சிசேரியனுக்கு ஒதுக்கியது பத்து நிமிடம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைசியில் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். இரவில் முன்வாசல் பூட்டியிருக்கும், அவசர சிகிச்சைப் பக்கத்துக் கதவு வழியாகத்தான் வரவேண்டும், எந்த லிஃப்ட், எந்த மாடி, படிவத்தை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்துவிடலாம். இதை எந்த மாமியாராலும் சொல்ல முடியாது. வகுப்பை விட்டாலும் அந்தச் சுற்றலை விடாதீர்கள்.

மிட்வைஃப் வீட்டு வகுப்பு முற்றிலும் வேறு. ஐந்து ஜோடிகள், தரையில் மெத்தைகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு. அதை என் கையில் கொடுத்து, ஒரு துணிப்பொம்மையின் தலையை அதற்குள் நுழைக்கச் சொன்னார். நேராக வைத்தேன், போகவில்லை. பக்கவாட்டில் திருப்பியதும் உள்ளே இறங்கியது. பாதியில் மறுபடி சிக்கியது. “இப்போ திருப்புங்க” என்றார். முகம் முதுகெலும்புப் பக்கம் பார்க்கும்படி திருப்பியதும் வழுக்கி வெளியே வந்தது. குழந்தை இத்தனை திருப்பம் திரும்பித்தான் வருகிறது, தாய் மல்லாந்து கிடந்தால் வால் எலும்பு பின்னால் நகர இடமில்லாமல் போகிறது, அதனால்தான் நடக்கவும் குந்தவும் சாய்ந்து நிற்கவும் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது. மாமியாரிடம் சொன்னேன். “அதான் எங்க ஆச்சி கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குந்தி இருந்துச்சாம்” என்றார், இதில் என்ன புதுசு என்ற குரலில்.

இன்னொரு நாள் ஆளுக்கொரு ஐஸ் கட்டி. உள்ளங்கையில் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட வேண்டும். 40 வினாடியில் நான் கீழே போட்டேன். என் மனைவி இரண்டாவது கட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இந்த மூச்சுப் பாடத்துக்கு ஒரு கதை உண்டு. பயம் உடம்பை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும், கூடிய வலி பயத்தைக் கூட்டும் என்று பிரிட்டிஷ் மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட் சொன்னார். 1940-களின் பிற்பகுதியில் அவர் ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிவந்து சில ஆண்டுகள் இங்கேயே இருந்தவர். பிரெஞ்சு மருத்துவர் லமாஸ், சோவியத் நாட்டில் பார்த்துவிட்டு வந்த முறையை 1952 வாக்கில் பாரிஸில் பரப்பினார். ‘ஹூ ஹூ’ என்று ஊதும் மூச்செல்லாம் அந்த வழியில் வந்தது. எங்கள் மிட்வைஃப் இரண்டையும் கலந்துதான் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கட்சியும் இல்லாதவர்.

இதெல்லாம் பலன் தருகிறதா? வகுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் சான்று மெலிந்ததுதான். 2007-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, பெரிதாக எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று கைவிரித்தது. அதே காக்ரேன் 2017-ல் 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைப் பார்த்து, வலி நேரம் முழுக்க ஒரு துணை விலகாமல் கூடவே இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரம் சற்றே சுருங்குகிறது என்றது. எனக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. பெறுகிறவளுக்கு வகுப்பு வேண்டுமா என்று இவ்வளவு நாள் விவாதித்துக்கொண்டிருந்தோம். வேண்டியது துணைக்கு நிற்கிறவனுக்கு. ஊரில் அந்த இடத்தில் மாமியார் நின்றிருப்பார், அவருக்கு வகுப்பு வேண்டாம். இங்கே நான் நிற்கிறேன், எனக்கு வேண்டும்.

அரசு வழியைப் பற்றி நண்பன் வீட்டு அனுபவம்தான் எனக்குத் தெரியும். அவன் மனைவிக்கு டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் அரசு மருத்துவமனையில் பிரசவம். 1994-ல் மண்டேலா அரசு வந்ததும் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவத்தை இலவசமாக்கியது. அவர்களுக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. குறைந்தது எட்டு முறை கிளினிக் போக வேண்டும். வகுப்பு என்று தனியாக இல்லை. காத்திருக்கும் பெஞ்சு வரிசையில் நர்ஸ் நின்று பேசுவதுதான் வகுப்பு. கேட்கிறவர்களுக்கு அதில் சரக்கு உண்டு. கூடவே மாம்கனெக்ட். 2014-ல் தொடங்கிய சேவை, போனில் *134*550# அடித்துப் பதிந்தால் வாரத்துக்கேற்ற செய்திகள் இலவசமாக வரும். எழுத்துள்ள 11 ஆட்சிமொழிகளில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் இல்லை. இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 6-வது பிரிவில், மதிக்கப்பட வேண்டிய மொழிகள் பட்டியலில் தமிழின் பெயரே இருக்கிறது. போனுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். சிவகாசியிலிருந்து வந்த அவன் மனைவிக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவளுக்காக அவன் தினமும் அந்தச் செய்திகளைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். என் வகுப்பைவிட அவன் நன்றாகவே படித்திருக்கிறான் என்று பிறகு தோன்றியது.

அரசு வழியில் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டியது ஒன்று: துணைக்கு யாரை உள்ளே விடுவார்கள்? கொள்கை துணையை அனுமதிக்கிறது. ஆனால் திரைச்சீலை மட்டுமே நடுவில் இருக்கும் பொது வார்டில் ஆண்களை விடத் தயங்குகிறார்கள். அங்கே ஒரு அக்காவோ பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ வரத் தயாராக இருந்தால் கணவன் ஆறு வாரம் வகுப்புக்குப் போவதைவிட அது மேல். வலி மரத்துப்போக முதுகில் போடும் எபிடியூரல் ஊசியையும் பெரும்பாலும் அங்கே எதிர்பார்க்க முடியாது.

யூடியூப்பை இரண்டு வரியில் முடித்துவிடலாம். தமிழில் நல்ல மருத்துவர்கள் பேசுகிறார்கள், பொறுமையாகப் பேசுகிறார்கள். ஆனால் கேள்வி கேட்க முடியாது, ஐஸ் கட்டி கொடுக்க மாட்டார்கள், 2023-ல் லோட் ஷெடிங் மின்வெட்டு நடுவில் முழுதாக ஒன்றும் பார்த்து முடித்ததில்லை.

மாமியாரும் வகுப்பும் நேருக்கு நேர் மோதிய இடங்கள் இரண்டு. முதலாவது தலைவலி. எட்டாவது மாதத்தில் மனைவிக்கு ஒரு நாள் விடாத தலைவலி. “தைலம் தேய்ச்சுவிட்டுப் படுக்கச் சொல்லுங்க” என்றார் மாமியார். வகுப்பில் சொன்னது வேறு: கடைசி மாதங்களில் விடாத தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம் என்றால் காத்திருக்காதே, ரத்த அழுத்தத்தைப் பார். இந்த நாட்டில் தாய்மரணங்களின் முக்கியக் காரணங்களில் ரத்த அழுத்தம் ஒன்று. போய்ப் பார்த்தோம், அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இதில் நான் வகுப்பு பக்கம்தான். உதிரம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தாலோ சீரகத் தண்ணி வைத்துப் பார்க்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும்.

இரண்டாவது சேனை. பிள்ளை பிறந்ததும் வீட்டில் நல்ல குணமுள்ள ஒருத்தர் கையால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் பிறந்ததாகவே கணக்கில்லை. வகுப்பிலோ, முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டும் கூடாது, தேன் ஒரு வயது வரை கிட்டவே கூடாது என்றார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் ஆபத்து உண்டு. தயங்கித் தயங்கி மாமியாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “சரி, அந்தச் சர்க்கரைத் தண்ணியை பெத்தவ நாக்குல வைங்க. பால்ல போயிடும்” என்றார். மிட்வைஃப் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

மற்றபடி பிள்ளை பெற்ற பிறகான பாடத்தில் மாமியாரை யாரும் நெருங்க முடியாது. பத்தியம், பூண்டுக் குழம்பு, பால் சுரக்க சுறாப் புட்டு. சுறாவைப் பற்றிப் பாடம் எடுக்க இங்கே உம்ஸ்லங்காவில் ஷார்க்ஸ் போர்டு என்று ஒரு அமைப்பே இருக்கிறது, புட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை. வகுப்பில் பால் கொடுக்கும் பாடம் ஒரே மாலை; ஒன்று மட்டும் உருப்படி. சிசேரியன் ஆனவர்கள் பிள்ளையை வயிற்றுக்குக் குறுக்கே வைக்காமல், குடத்தை இடுப்பில் இடுக்குவதுபோல் பக்கவாட்டில் இடுக்கிக்கொண்டு பால் கொடுக்கலாம், தையலில் படாது. மாடிவீட்டு ஆன்ட்டி டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்புத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழ் இரண்டு வார்த்தை, மிச்சம் ஆங்கிலம். தன் ஆயா அப்படித்தான் செய்வார் என்று ஒரு தலையணையை இடுக்கி எனக்கு நடித்தே காட்டினார்.

யாராவது இப்போது கேட்டால் நான் சொல்வது இதுதான். சிசேரியன் என்று தேதி குறித்தாகிவிட்டதா, ஆறு மாலை மூச்சுப் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். அறுவைக்குப் பின் எழுவது, தூக்குவது, பால் கொடுப்பது பற்றி ஒரே ஒரு அமர்வு மிட்வைஃபிடம் தனியாகக் கேளுங்கள். அம்மாவோ அக்காவோ வலி நேரத்தில் கூட இருப்பார்களா, மருத்துவமனைச் சுற்றல் போதும். நீங்கள் இரண்டு பேர்தானா, ஆறு மாலையும் போங்கள், கணவன் கட்டாயம். சில மெடிக்கல் எய்டு திட்டங்கள் வகுப்புக் கட்டணத்தைத் தருகின்றன, கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். ஏழாவது மாதத்தில் தொடங்கினால் சரியாக இருக்கும். எங்கள் காலத்தில் தகப்பனுக்கு 10 நாள் விடுப்புதான். 2025 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் பெற்றோர் விடுப்பை இருவரும் பகிர்ந்துகொள்ள வழிவிட்டிருக்கிறது. உங்கள் பாடு தேவலை.

எங்களுக்கு வலி எடுத்தது இரவு 1 மணிக்கு. அங்கே அதிகாலை 4.30, மாமியார் கோலம் போட எழுந்திருக்கும் நேரம். சீரகத் தண்ணி வைத்தேன், அவள் குடித்தாள், நிற்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரமாக. அவசர சிகிச்சைப் பக்கத்துக் கதவு வழியாகப் போனோம். அறைக்குள் போனதும் கற்றுக்கொண்டதைக் காட்டலாம் என்று மூச்சை எண்ண ஆரம்பித்தேன். “எண்ணாதீங்க” என்றாள். “இடுப்பை மட்டும் அழுத்துங்க.” நாலாவது வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அது, கிங்ஸ்மீட் மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கிறதென்று நான் தப்பிக்கப் பார்த்த வகுப்பு. முஷ்டியை மடக்கி, கீழ் இடுப்பில் வைத்து, 6.40 வரை அழுத்தினேன்.