சர்வர் செட்டிங்கை எதில் எடுத்து வைப்பது? ஐடிராக், ஐஎல்ஓ, ஒன்சிஎல்ஐ, ரெட்ஃபிஷ்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மதர்போர்டை மாற்றிவிட்டு சர்வீஸ் இன்ஜினியர் கிளம்பிவிட்டார். சர்வர் உயிரோடுதான் இருக்கிறது, டிஸ்க்கில் இருக்கும் டேட்டாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பூட் ஆர்டர் ஃபேக்டரி நிலைக்குப் போய்விட்டது. எஸ்ஆர்-ஐஓவி (ஒரு நெட்வொர்க் கார்டைப் பல வர்ச்சுவல் மெஷின்களுக்குப் பங்கிடும் வசதி) அணைந்து கிடக்கிறது. சர்வரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் போர்ட்டில் நாம் போட்ட ஐபி இல்லை. மூன்று வருடம் முன்பு யாரோ ஒருவர் பயாஸில் (பெட்டி எழும்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) பார்த்துப் பார்த்து வைத்த பவர் புரொஃபைல் என்னவென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. டேட்டா பேக்கப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட இந்த இடத்தில் வந்து முழிப்பார்கள்.

இதற்கான வசதி எல்லா சர்வர் தயாரிப்பாளர்களிடமும் உண்டு. ஆனால் 'பேக்கப்' என்ற ஒரே சொல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் பொருள் ஒன்றல்ல. அதே பெட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒரு வேலை, இந்தப் பெட்டியைப் போலவே இன்னும் பத்துப் பெட்டிகளை ஆக்குவது வேறு வேலை. ஒன்றுக்கென்று செய்ததை மற்றதற்குப் பயன்படுத்தினால் கை சுடும். நான் சுட்டுக்கொண்டவன்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

டெல்: திறந்த ஃபைல், கூடவே ஒரு கத்தி

டெல் சர்வருக்குள் தனியாக ஓடும் நிர்வாகச் சிப்பான ஐடிராக் தரும் 'சர்வர் கான்ஃபிகரேஷன் புரொஃபைல்' என் பார்வையில் இந்தக் கூட்டத்தில் முதலிடம். பயாஸ், ஐடிராக், நெட்வொர்க் கார்டு, ரெய்டு கண்ட்ரோலர் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் கார்டு) எல்லாம் ஒரே ஃபைலில் வந்துவிடும். ஐடிராக் 9-இல் எக்ஸ்எம்எல், ஜேசான் என்ற இரண்டு டெக்ஸ்ட் வடிவங்களில் எது வேண்டுமோ அதில் எடுக்கலாம். வெப் பக்கம், ரேகாடம் என்ற டெல் கட்டளை, ரெட்ஃபிஷ் (எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான நிர்வாக வழி, பின்னால் வருகிறது) என எந்த வழியாகவும் எடுக்கலாம், போடலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட வேண்டும் என்பதில்லை, பயாஸ் மட்டும் போதும் என்றால் அதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். போடுவதற்கு முன் 'பிரிவியூ' ஓட்டினால், ஃபைல் இந்தப் பெட்டிக்குப் பொருந்துமா என்று சரிபார்த்துச் சொல்லும், எதையும் மாற்றாது.

எக்ஸ்போர்ட் செய்யும்போது டிஃபால்ட், குளோன், ரீப்ளேஸ் என்று மூன்று வகை கேட்கும். பலர் இதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். வினையே இங்கேதான். ஃபைலைத் திறந்து ரெய்டு பகுதிக்குப் போனால் 'ரெய்டுரீசெட்கான்ஃபிக்' என்று ஒரு வரி இருக்கும். அதன் மதிப்பு 'ட்ரூ' என்று இருந்து, அந்த ஃபைலை இம்போர்ட் செய்தால் அந்தக் கண்ட்ரோலரில் இருக்கும் வர்ச்சுவல் டிஸ்க்குகள் (டிஸ்க்குகளைச் சேர்த்து உருவாக்கியவை) மொத்தமும் காலி. டிஃபால்ட் வகையில் இப்படிப்பட்ட ஆபத்தான வரிகள் கமென்ட் குறிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். குளோன், ரீப்ளேஸ் வகைகளில் அந்தப் பூட்டு திறந்திருக்கும். புதுப் பெட்டிக்கு அது வசதி. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு அதைப் போடுவது தற்கொலை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. போர்டு மாற்றும்போது ரெய்டு செட்டிங்கை ஃபைலிலிருந்து மீட்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. ஹார்ட்வேர் ரெய்டில் அந்த விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருக்கும். புதிய கண்ட்ரோலர் அதை 'ஃபாரின்' என்று அடையாளம் காட்டும், இம்போர்ட் கொடுத்தால் போதும். ஆகவே மீட்கும்போது ரெய்டு பகுதியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் போடுவதுதான் என் வழக்கம்.

போர்டு மாற்றத்துக்கென்றே டெல்லிடம் 'ஈஸி ரீஸ்டோர்' என்ற தனி ஏற்பாடும் உண்டு. சர்வீஸ் டேக், லைசென்ஸ், முக்கியமான செட்டிங்குகள் ஆகியவை போர்டில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருக்கும் ஃபிளாஷில் தானாகவே சேமிக்கப்படும். புதிய போர்டு முதல் முறை எழும்பும்போது 'மீட்கவா?' என்று கேட்கும். அருமையான வசதி. அது இருக்கிறதே என்று புரொஃபைல் எடுக்காமல் இருந்துவிடக் கூடாது. பெட்டியே போய்விட்டால் அந்த ஃபிளாஷும் கூடவே போகும்.

எச்பிஇ: பூட்டிய பெட்டி

எச்பிஇயின் நிர்வாகச் சிப்பான ஐஎல்ஓ 5-இன் வெப் பக்கத்திலேயே 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' இருக்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு ஃபைல் இறங்கும், விரும்பினால் பாஸ்வேர்டும் போடலாம். நெட்வொர்க், யூசர் கணக்குகள், லைசென்ஸ் கீ என ஐஎல்ஓவின் பெரும்பாலான செட்டிங்குகள் அதில் அடக்கம். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது. நேற்றைய ஃபைலுக்கும் இன்றைய ஃபைலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாலும் பதில் கிடைக்காது. பாஸ்வேர்டை மறந்தால் ஃபைல் குப்பைதான்.

இன்னொரு பெட்டியில் போடுவதற்காக இதைச் செய்யவில்லை என்று எச்பிஇ தன் கையேட்டிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பேட்டரி செத்துப்போனது, யாரோ ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிட்டார்கள் போன்ற சமயங்களில் அதே பெட்டியை எழுப்புவதற்குத்தான் இது. செக்யூரிட்டி ஸ்டேட் (ஐஎல்ஓவின் பாதுகாப்பு நிலை) மீட்கப்படாது என்பதையும் கவனிக்க வேண்டும். போர்டு மாறியிருந்தால் முதலில் பயாஸில் சீரியல் நம்பரையும் புராடக்ட் ஐடியையும் கையால் அடிக்க வேண்டும். அந்த இரண்டையும் எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

பெட்டிக்குப் பெட்டி நகல் வேண்டும் என்றால் எச்பிஇயில் 'ஐஎல்ஓரெஸ்ட்' என்ற கட்டளைக் கருவியின் பக்கம் போக வேண்டும். அதன் 'சர்வர்குளோன்' கட்டளை பயாஸ், ஐஎல்ஓ செட்டிங்குகளை ஜேசானாக எழுதித் தரும். பாஸ்வேர்டுகள் அதில் வராது, போடுவதற்கு முன் நாமே நிரப்ப வேண்டும். நிரப்பிய ஃபைலில் பாஸ்வேர்டு அப்படியே கண்ணுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் அதை அழிக்க மறப்பவர்கள்தான் அதிகம்.

லெனோவோ, சூப்பர்மைக்ரோ

லெனோவோவின் கட்டளைக் கருவியான ஒன்சிஎல்ஐ எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் சொற்கள்தான். சேமித்த செட்டிங்கை அதே பெட்டிக்குத் திருப்பிப் போட 'ரீஸ்டோர்', வேறு பெட்டிக்குப் போட 'ரெப்ளிகேட்'. ரெப்ளிகேட் கொடுத்தால் அந்தந்தப் பெட்டிக்கே உரிய அடையாள விவரங்களைத் தொடாமல் மற்றதை மட்டும் போடும். மேலே சொன்ன இரண்டு வேலைகளுக்கும் தனித்தனிக் கட்டளை வைத்துவிட்டால் பாதி விபத்து நடக்காது.

சூப்பர்மைக்ரோவில் 'சம்' என்ற கருவியால் பயாஸ், பிஎம்சி (போர்டில் இருக்கும் நிர்வாகச் சிப்) செட்டிங் இரண்டையும் படிக்கக்கூடிய ஃபைலாக எடுக்கலாம். ஆனால் பயாஸை ஓஎஸ் வழியாக இல்லாமல் பிஎம்சி வழியாகவே தொட வேண்டும் என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் லைசென்ஸ் கீ வேண்டும். வாங்கும்போதே சேர்த்து வாங்குங்கள், போர்டு செத்த ராத்திரியில் தேடாதீர்கள்.

ஐபிஎம்ஐயா, ரெட்ஃபிஷா?

பல கம்பெனிப் பெட்டிகள் கலந்து கிடக்கும் இடத்தில் 'ஒரே பொதுக் கருவி போதாதா' என்ற ஆசை வருவது நியாயம்தான். சர்வர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் பழைய பொதுத் தரநிலையான ஐபிஎம்ஐ 1998-இல் வந்தது, 2.0 பதிப்பு 2004-இல். ஃப்ரீஐபிஎம்ஐ தொகுப்பில் 'ஐபிஎம்ஐ-கான்ஃபிக்' என்று ஒரு கருவி உண்டு. 'செக்அவுட்' கொடுத்தால் யூசர், லேன் விவரங்களைச் சாதாரண டெக்ஸ்டாக எழுதும், 'கமிட்' கொடுத்தால் திருப்பிப் போடும். பாஸ்வேர்டுகளை வாசிக்க முடியாது என்பதால் அந்த இடம் காலியாகவே வரும். பயாஸ் பக்கம் போகவே போகாது. பழைய பெட்டிகளுக்கு அது போதும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ரெட்ஃபிஷ் 2015-இல் டிஎம்டிஎஃப் என்ற தரநிலை அமைப்பு வெளியிட்டது. எச்டிடிபிஎஸ், ஜேசான் என்று நவீனமான அமைப்பு. பயாஸ் மதிப்புகளைப் படிக்கலாம், மாற்றி எழுதலாம், ரீபூட் ஆனதும் அவை அமலுக்கு வரும். எழுதும் முறை பொதுவானது, ஆனால் மதிப்புகளின் பெயர் பொதுவானது அல்ல. ஒரு பிராசசர் கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை டெல் 'லாஜிக்கல்ப்ராக்' என்று அழைக்கும், எச்பிஇ 'ப்ராக்ஹைப்பர்த்ரெடிங்' என்று அழைக்கும். ஒரு கம்பெனியின் ஃபைலை இன்னொன்றில் போடும் கனவு அங்கேயே முடிந்தது. டெல்லின் முழு புரொஃபைல் எக்ஸ்போர்ட்டும் ரெட்ஃபிஷ் வழியாகக் கிடைக்கிறது, ஆனால் அது டெல் தனக்கென்று சேர்த்துக்கொண்ட கட்டளை. எல்லோருக்கும் ஒரே கதவுதான், கதவைத் திறந்தால் அவரவர் வீடு.

சுட்டுக்கொண்ட கதை

இரண்டு ஒரே மாதிரிப் பெட்டிகள். ஒன்றின் செட்டிங்கை எடுத்து இன்னொன்றில் முழுதாகப் போட்டேன். சில நிமிடங்களில் இரண்டின் மேனேஜ்மென்ட் பக்கமும் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. இரண்டுக்கும் ஒரே ஸ்டாட்டிக் ஐபி. ஃபைலில் ஐபி வரிகளை நான் நீக்கியிருக்கவில்லை. ராக்குக்கு நேரில் போய்த்தான் சரிசெய்ய முடிந்தது. எந்தக் கம்பெனிப் பெட்டி என்பதில் ஒன்றுமில்லை, தப்பு என்னுடையது. அதிலிருந்து நெட்வொர்க் பகுதியைக் கடைசியாக, தனியாக, வேறொரு வழியில் அந்தப் பெட்டியை எட்ட முடியும் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தொடுகிறேன்.

எந்தக் கருவியாக இருந்தாலும் தனியாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. எடுத்த நாளின் ஃபர்ம்வேர் பதிப்பைக் குறித்து வையுங்கள். பதிப்பு மாறினால் சில செட்டிங்குகள் பெயர் மாறும், சில காணாமல் போகும். சான்றிதழின் பிரைவேட் கீ செட்டிங் ஃபைலோடு வரும் என்று நம்பி இருக்காதீர்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஓடும் சர்வரில் செக்யூர் பூட், டிபிஎம் (சாவிகளைக் காக்கும் சிப்) செட்டிங்கைத் தொட்டால் அது ரிகவரி கீ கேட்டு நிற்கும், அதை முன்பே எடுத்து வையுங்கள்.

இன்று என் ஏற்பாடு இதுதான்: டெல், லெனோவோ பெட்டிகளுக்குப் படிக்கக்கூடிய ஃபைல், வாரம் ஒரு முறை, கிட்டில் (ஃபைல்களில் வரும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி). எச்பிஇக்கு இரண்டும் வேண்டும், பூட்டிய ஃபைல் மீட்க, ஐஎல்ஓரெஸ்ட் ஜேசான் ஒப்பிட. கிட்டில் போடும்போது ஒரு சின்ன எரிச்சல் வரும். டெல்லின் எக்ஸ்எம்எல் தலைப்பு வரியில் எடுத்த நேரம் பதிவாகும். ஒன்றுமே மாறாத வாரத்திலும் 'ஒரு வரி மாறியது' என்று கிட் காட்டும். ஸ்கிரிப்டில் அந்த நேரத்தை வெட்டிவிட்டால், பிறகு வித்தியாசம் என்று எது வந்தாலும் அது யாரோ கை வைத்ததுதான்.